ஒன்பதாங்கட்டை வைஃபைக்காரி

அன்பரசிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒன்பதாங்கட்டையில் அது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோபத்தை நம்பித்தான் இருபத்து நான்கு வீட்டுக்காரர்களும் தங்கள் வைஃபையை அவள் தலையில் கட்டினார்கள்.

ஒன்பதாங்கட்டை என்பது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு பழைய தோட்டம். தோட்டம் கைமாறி, தொழிலாளர் லயங்கள் இடிபட்டு, இப்போது இரண்டு வரிசை வீடுகளும் ஒரு மண்டபமும் ஒரு மாரியம்மன் கோயிலும் மிச்சம். மூன்று பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். தொலைபேசிக் கம்பெனி இன்டர்நெட்டுக்காக இழுத்த கண்ணாடிக் கம்பி பெரிய சாலையோரத்து மண்டபம் வரைக்கும்தான் வந்தது, அதற்கு மேல் உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. சரி, ஒரு லைனை எடுத்து எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வோம் என்று கூட்டம் கூட்டினார்கள். ஆண்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அன்பரசி, "லைன் கெட்டுப் போனா யார்கிட்ட ஏசுறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. கேள்வி கேட்டவளே பதிலாகவும் ஆகிப்போனாள்.

அவளும் அதற்குப் பொருத்தமானவள்தான். செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் மேடையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். டிம்பாங் என்று டிரைவர்கள் சொல்லும் அந்த மேடையில் எந்த லோரி முதலில் ஏறும், எது காத்திருக்கும் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். ஹாரன் அடித்தவன் கடைசிக்குப் போவான். ஆலை மேனேஜரே அவளிடம் பேசும்போது குரலை ஒரு படி இறக்கிக்கொள்வார்.

மண்டபத்தில் பெரிய பெட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்து வீட்டு வரிசைகளில் நான்கு சின்னப் பெட்டிகள். போட்டுக்கொடுத்த கடைக்காரன் போய்விட்டான். அடுத்த வாரமே அன்பரசி வீட்டு வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஒருத்திக்கு நாடகம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஒருவருக்குப் பேரப்பிள்ளையின் முகம் பாதி வந்து உறைந்துபோகிறது. செல்லனுக்குப் பந்து கோலுக்குப் போகும் நேரம் பார்த்துப் படம் நின்றுவிடுகிறது. செல்லன் செம்பனைக் குலை அறுக்கும் வேலைக்காரன், நல்ல உழைப்பாளி. பந்து விளையாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் குழந்தை.

அன்பரசி முதலில் பெட்டிகளைத்தான் திட்டினாள். பிறகு வேலை முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்து படித்தாள். புரியாததைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஹேண்ட்போனோடு வரிசை வரிசையாக நடந்து, எந்த இடத்தில் எத்தனை சிக்னல் மோதுகிறது என்று பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. லைன் மெதுவாக இருக்கிறது என்று பதினேழு வீட்டுக்காரர்கள் யாருக்கும் சொல்லாமல் செகிஞ்சான் டவுன் கடையில் ஆளுக்கொரு சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டியிருந்தார்கள். அதில் பாதி சாமி மேடையில், குத்துவிளக்குக்கும் எவர்சில்வர் குடத்துக்கும் நடுவில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டு முன்னால பதினேழு லோரி நின்னு ஒரே நேரத்துல ஹாரன் அடிச்சா நான் யாரத்தான் உள்ள விடுவேன்?" என்று கத்திக்கொண்டே அன்பரசி ஒவ்வொரு வீடாகப் போய்ப் பிடுங்கினாள். செல்லன் மட்டும் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இது என் சொந்தக் காசு லா."

"காசு உன்னோடது. காத்து எல்லாரோடதும். கழட்டு."

கழற்றினான். அதோடு விடவில்லை அவள். பெட்டிகளின் சத்தத்தையும், அதாவது சிக்னலின் பலத்தையும், குறைத்தாள். நான்கு பெட்டியும் முழுப் பலத்தோடு கூவிக்கொண்டிருந்ததால் ஒன்றின் பேச்சு இன்னொன்றின் காதில் விழுந்து, அது வாய்மூடக் காத்திருந்து, நேரமெல்லாம் வீணாகிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டிகள் வேறு வேறு அலைவரிசையில் பேசும்படி மாற்றினாள். பலத்தைக் குறைத்தால் எப்படி வேகம் கூடும் என்று சனங்களுக்கு நம்பிக்கையே இல்லை. மூன்றாம் நாள் நாடகம் நிற்காமல் ஓடியதும் நம்பினார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் வைஃபைக்காரி. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துதான் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது வரிசைக் கடைசி வீட்டுத் திலகத்துக்கு வேலை கிடைத்தது. கோலாலம்பூரில் ஒரு இன்சூரன்ஸ் காப்புறுதிக் கம்பெனி. வீட்டிலிருந்தபடியே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் சோதனை, அதற்குப் பிறகுதான் நிரந்தரம். திலகத்துக்கு இந்த வேலை போனால் வேறு வழி ரவாங்கில் தொழிற்சாலைதான். தொழிற்சாலைக்குப் போனால் அப்பாவைப் பார்க்க ஆளில்லை. அப்பா சிவானந்தம் தோட்டத்து டிராக்டர் டிரைவராக இருந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், ஊட்டிவிட வேண்டும். தாய் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை.

சிவானந்தத்துக்கு மகள் தன்னால் வீட்டோடு முடங்கிப் போகிறாள் என்ற கவலை. ஒருநாள் திலகம் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து அன்பரசியைக் கூப்பிட்டார்.

"தங்காச்சி, ரவாங்ல ஒரு முதியோர் ஹோம் இருக்காம். எனக்கு ஒரு கட்டில் பேசி வச்சிடு. இந்தப் புள்ள நாலு சுவத்துக்குள்ள ஒரு மிஷின்கிட்ட பேசிக்கிட்டுக் கெடக்குறா. போவட்டும், வெளிய போயி மனுஷங்களோட பழகட்டும்."

அன்பரசி வழக்கம்போல் ஏசத்தான் வாயைத் திறந்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் ஹோமின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஹோமுக்குப் போன் போட்டுக் கேட்டாள். திலகத்தின் மூன்று மாதம் முடியும் வரை ஒரு கட்டிலை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். திலகத்திடமும் மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டு, "எனக்கு வேல நெரந்தரமாச்சுன்னா அப்பா எப்படிப் போவாருன்னு நானும் பாக்குறேன், அத்தை," என்றாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

ஆனால் லைன் அவளுக்குத் துரோகம் செய்தது. பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரமும் செல்லன் பந்து பார்க்கும் நேரமும் வந்தால் அவள் குரல் துண்டு துண்டாகப் போனது. முதல் மாதத்திலேயே இரண்டு அழைப்புகள் நடுவில் அறுந்தன. இன்னும் ஒன்று அறுந்தால் அவ்வளவுதான் என்று கம்பெனி எழுதியே அனுப்பிவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தை. தோத்துட்டா ஊரே என்னப் பாவம் பாக்கும்," என்றாள் திலகம்.

அன்பரசி யோசித்தாள். படம் பெரிய சரக்கு, இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தாலும் குடி முழுகிப் போகாது. பேச்சு சின்னச் சரக்கு, ஆனால் காத்திருக்க வைத்தால் கெட்டுப்போகும். ஆலையில் இருபது டன் டிரெய்லருக்குப் பின்னால் ஒரு கூடைப் பழத்தோடு நிற்கும் சின்ன வண்டியை அவள் எப்போதும் முன்னால் கூப்பிட்டுவிடுவாள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, வரிசையும் சீக்கிரம் நகரும். அதையே பெரிய பெட்டியிலும் எழுதிவைத்தாள்: பேச்சு முதலில், படம் பிறகு. திலகத்தின் கணினிக்கு எல்லாருக்கும் மேலே ஓர் இடம். எந்த ஒரு வீடும் லைன் முழுவதையும் விழுங்கிவிடாதபடி ஓர் அளவு. அதற்கப்புறம் ஒரு அழைப்புகூட அறுந்துபோகவில்லை. ஊருக்கு எதுவும் சொல்லவில்லை அவள். செல்லன் மட்டும், "ராத்திரி ஆனா என் படம் கொஞ்சம் மங்குதே அக்கா," என்று வந்து நின்றான். "கண்ணாடி போடு," என்று அனுப்பிவிட்டாள்.

மூன்று மாதம் முடியும் வாரம் வந்தது. கடைசிச் சோதனையாக ஒருநாள் மாலை நான்கு முதல் ஆறு வரை மேலதிகாரி ஒருவர் கூடவே இருந்து திலகத்தின் அழைப்புகளைக் கேட்பாராம். எந்த நாள் என்று பார்த்தால் ஆயுத பூசை. நாட்டுக்கு அது வேலைநாள்தான். அன்பரசி முதல்நாளே எல்லாப் பெட்டியையும் சோதித்துவிட்டு நிம்மதியாக ஆலைக்குப் போனாள்.

அங்கே வருஷாவருஷம் அவள் நடத்தும் பூசை பிரசித்தம். மேடைக்கும் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ஒரு மணி நேரம் யாரும் எதையும் தொடக்கூடாது என்பாள். மலாய்க்கார டிரைவர்களும் வங்காளதேசத்துப் பையன்களும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு வரிசையில் காத்திருப்பார்கள். ஒருமுறை மேனேஜர் அவசரம் என்று கீபோர்டைத் தொட வந்தபோது அவர் கையைத் தட்டிவிட்டவள் அவள்.

மூன்று மணி தாண்டி ஐந்து நிமிஷம். திலகத்திடமிருந்து போன். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் ஒன்பதாங்கட்டையில் ஹேண்ட்போன் பேசமுடியும். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அத்தை, லைனே இல்ல. பெட்டியே இல்ல. செவுத்துல வெறும் ஆணிதான் இருக்கு."

அன்பரசி எழுந்தாள். மேடையைப் பக்கத்திலிருந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். வழிநெடுக, எந்தத் திருட்டுப் பயல் என்று பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

திருடன் மண்டபத்து வாசலில் வேட்டி கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றான். அவள் வீட்டுக்காரர் ரவீந்திரன்தான். பதினெட்டுச் சக்கர லோரியை ஒற்றைக் கையில் திருப்புவார், ஈக்குக்கூட வலிக்காமல் பேசுவார்.

"வா அன்பு. உள்ள வந்து பாரேன்!" என்றார்.

உள்ளே நீள மேசையில் அம்மன் படம். படத்துக்கு முன்னால் பாராங் கத்திகள், குலை அறுக்கும் நீளக் கத்தி, மோட்டார் சாவிகள், தையல் மிஷின். நட்டநடுவில் வாழையிலை போட்டு, நான்கு சின்னப் பெட்டியும் ஒரு பெரிய பெட்டியும் வரிசையாகச் சந்தனப் பொட்டோடு, ஆளுக்கொரு மல்லிகைச் சரத்தோடு உட்கார்ந்திருந்தன. பெரிய பெட்டிக்குக் குங்குமம் கொஞ்சம் அதிகம்.

"போன மாசம் நீதான சொன்ன? எல்லா ஆயுதத்துக்கும் ஓய்வு குடுக்குறீங்க, ராப்பகலா ஒழைக்கிற என் பெட்டிங்கள மட்டும் யாரு நெனைக்கிறான்னு. அதான் நானே ஏணி போட்டு எறக்கினேன். ஒனக்குச் சொல்லாமச் செய்வோம்னு எல்லாரும் சேந்துதான். திலகம் ஒங்கிட்ட ஒளறிடுவான்னு அவளுக்கும் சொல்லல. அந்தக் கண்ணாடிக் கம்பி நுனிய டிஷ்யூல சுத்தி பத்திரமா வச்சிருக்கேன்."

  இருபத்து நான்கு வீட்டுச் சனமும் அவள் முகம் மலர்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றது. மணி மூன்றரை.

"இதெல்லாம் உடனே மாட்டணும்," என்றாள்.

மாரியம்மன் கோயில் பூசாரி பதறிப்போனார். "மத்தியானமே படைச்சாச்சும்மா. நாளைக்கு விடியறதுக்குள்ள எடுக்கக்கூடாது. ஆலையில மேனேஜர் கையவே தட்டிவிட்டவ, ஒனக்குத் தெரியாதா?"

வாசற்படியில் திலகம் வந்து நின்றாள். அழவில்லை, ஆனால் முகத்தில் ரத்தமில்லை. அன்பரசி அவளைப் பார்த்தாள். திலகம் தலையை மெதுவாக ஆட்டினாள். சொல்லுங்கள் என்று அர்த்தம்.

அன்பரசி சொன்னாள். வேலையை, சோதனையை, நான்கு மணியை, ரவாங் ஹோமில் காத்திருக்கும் கட்டிலை. பெட்டிக்குள் தான் ரகசியமாகத் திலகத்துக்கு முதலிடம் கொடுத்து வைத்திருந்ததையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். 

செல்லன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப என் படம் மங்குனது அதுனாலதானா? ஏங்க்கா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஆஃப் பண்ணியிருப்பேன்ல? என்னப் போயி கண்ணாடி போடச் சொன்னீங்களே."

அவன் கோபப்பட்டிருந்தால் அன்பரசி தாங்கியிருப்பாள். அவன் மனம் நொந்து கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது. இத்தனை மாதமாகப் பெட்டிகளிடம் எல்லாவற்றையும் சொன்னவள் மனிதர்களிடம் ஒன்றையும் சொல்லவில்லை. "தப்புதான் செல்லா," என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஒன்பதாங்கட்டை அதற்கு முன் கேட்டதில்லை.

பூசாரி தாடியைத் தடவினார். "எடுக்கத்தான் கூடாது. இருந்த எடத்துலயே வேல செஞ்சா சாமி கோவிச்சுக்குமா என்ன?"

அவ்வளவுதான். ஆறு பேர் மேசையை இரண்டு பக்கமும் பிடித்தார்கள். அம்மன், கத்திகள், தையல் மிஷின், பெட்டிகள் எல்லாவற்றோடும் மேசை அப்படியே தூக்கப்பட்டுக் கண்ணாடிக் கம்பி வரும் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தது. வாழையிலைகூட அசையவில்லை. அன்பரசி குங்குமத்தைக் கலைக்காமல் பெரிய பெட்டிக்கு மட்டும் கம்பியையும் கரண்டையும் செருகினாள். அதிலிருந்து ஒரு ஒயரை, திலகம் வீட்டிலிருந்து தூக்கி வந்த கணினிக்கு நேராக இழுத்தாள். செல்லனும் ரவீந்திரனும் ஓடிப்போய்ச் சிவானந்தத்தைச் சக்கர நாற்காலியோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். மண்டபத்தில் பேசினால் எதிரொலிக்கிறது என்று பக்கத்து வீட்டுப் புஷ்பா கொடியில் காய்ந்த சேலைகளையும் போர்வைகளையும் அள்ளிவந்து சன்னலெல்லாம் கட்டினாள். அவளுக்கு மற்ற நாளில் வாய் ஓயாது.

"இன்னொண்ணு," என்றாள் அன்பரசி. "லைன் வந்த வாசன பட்டா போதும், எல்லாப் போனும் ஒண்ணா பாயும். பெட்டி செட்டிங்குக்குள்ள போயி ஒவ்வொண்ணா நிறுத்த எனக்கு நேரமில்ல."

செல்லன் சட்டைப் பையிலிருந்து தன் ஹேண்ட்போனை எடுத்து அணைத்தான். பூசைத் தட்டில் வைத்தான். "இதுவும் ஆயுதம்தான. ரெஸ்ட் எடுக்கட்டும்." பிறகு எல்லாரும் வரிசையாக வந்து வைத்தார்கள். கடைசியாக அன்பரசியும் வைத்தாள். பூசாரி அத்தனைக்கும் பொட்டு வைத்தார்.

நான்கு மணிக்கு முதல் அழைப்பு வந்தது.

இரண்டு மணி நேரம் ஒன்பதாங்கட்டை மூச்சுவிடாமல் இருந்தது. பூசை மணி அடிக்கவில்லை. கைக்குழந்தைகளை ஆற்றங்கரைப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். செல்லன் பெரிய சாலை முனையில் நின்று ஐஸ்கிரீம் மோட்டாரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினான். புஷ்பா ஆளாளுக்குச் சைகையிலேயே சுண்டல் கொடுத்தாள். சிவானந்தத்தைத் திருப்பி உட்காரவைக்க வேண்டிய நேரம் வந்தபோது ரவீந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சத்தமில்லாமல் அவரைத் தாங்கிப் பிடித்து, முதுகுக்குத் தலையணை வைத்தார்.

சிவானந்தம் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டில் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்வாள். அவள் பேசி அவர் கேட்டதேயில்லை. இப்போது ஆங்கிலத்தில் ஒருவருக்குக் கணக்காகப் பதில் சொன்னாள். தமிழில் ஓர் அம்மாவுக்கு எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று பொறுமையாகச் சொன்னாள். ஐந்தே முக்காலுக்குச் சுங்கை ஆயர் தாவார் ஊரிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர் அழைத்தார். மனைவியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, பணம் கட்டும் இடத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் அழுகிறார் போலிருக்கிறது. "பாக்சிக், ஜாங்ஙான் ரிசாவ்," கவலைப்படாதீர்கள் பெரியவரே என்றாள் திலகம். அவர் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு படியாகச் சொல்லி, அவர் எழுதிக்கொண்டாரா என்று கேட்டு, திரும்பப் படிக்கச் சொல்லி, கடைசியில் அவரைச் சிரிக்கவும் வைத்துவிட்டாள். அவர் லைனை வைத்த பிறகுதான் அவளும் வைத்தாள்.

ஆறு மணிக்கு மேலதிகாரி அவளிடம் ஏதோ பேசினார். திலகம் "யெஸ்" என்றாள், "தேங்க் யூ" என்றாள். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"நெரந்தரம்," என்றாள். "ஒண்ணுகூட அறுந்து போகல."

அடக்கிவைத்திருந்த சத்தமெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. மணி அடித்தார்கள், குலவை போட்டார்கள், சாலை முனையிலிருந்து செல்லன் ஓடிவந்தான். புஷ்பா இரண்டு மணி நேரப் பாக்கியையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தாள். அந்த இரைச்சலுக்கு நடுவில் சிவானந்தம் இடதுகையால் அன்பரசியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் குனிந்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"மிஷின்கிட்ட பேசுறான்னு நெனச்சேன் தங்காச்சி. எம் புள்ள மனுஷங்ககிட்டதான் பேசுறா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த ஹோமுக்குப் போன் போடு. கட்டில வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லு. நான் எங்கயும் போகல."

 அன்பரசி போனைத் தேடி அவசரமாகக் கைப்பையைத் துழாவினாள். பிறகு மேசையைத் திரும்பிப் பார்த்தாள். தட்டில் நாற்பது ஹேண்ட்போன்களுக்கு நடுவில் எங்கேயோ அவளுடையதும் பொட்டோடு கிடந்தது.

"போன் சாமிகிட்ட இருக்குண்ணே," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "விடிஞ்சதும் சொல்லிடுறேன்."